ஷண்ட் அறுவை சிகிச்சைக்குப் பின் நடை: குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவை

"வயதாகிவிட்டது, அதனால்தான் நடை தளர்ந்துவிட்டது" என்று எண்ணி இரண்டு, மூன்று ஆண்டுகளைக் கடத்திய பிறகே பல குடும்பங்கள் எங்களிடம் வருகின்றன. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளையின் உள்ளறைகள் நீர் நிறைந்து விரிந்திருக்கும். நோயின் பெயர் நார்மல் பிரஷர் ஹைட்ரோகெஃபாலஸ், சுருக்கமாக என்.பி.எச். என்று அறிகிறார்கள். ஷண்ட் பொருத்தும் அறுவை சிகிச்சை நடக்கிறது. சக்கர நாற்காலியில் வந்தவர் சில வாரங்களில் தம் வீட்டு வாசல் வரை தாமே நடந்து வருகிறார். ஓராண்டோ ஈராண்டோ கழித்து அந்த நடை மீண்டும் மெல்லக் குறையத் தொடங்குகிறது. அப்போதும் வீட்டில் எழுவது அதே பேச்சுதான்: "வயசாயிடுச்சு, என்ன செய்ய?"

முதல் முறை அப்படி நினைத்ததில் குற்றமில்லை. மருத்துவர்களே இந்நோயை எளிதில் தவறவிடுவதுண்டு. இரண்டாம் முறையும் அவ்வாறே நினைத்துக் காத்திருந்தால், வால்வைச் சற்றுத் திருத்தினாலே சரியாகக்கூடிய குறைபாடு மாதக்கணக்கில் நீடித்துவிடும். ஷண்ட் சரியாக வேலை செய்கிறதா என்பதை வீட்டில் காட்டும் அளவுகோல் நோயாளியின் நடையே. அதைப் பேணுவது எப்படி, கவனித்து வருவது எப்படி என்பவற்றை இங்கே விளக்க முயல்கிறோம்.

நோயில் நடை ஏன் கெடுகிறது?

மூளையின் நடுவே நான்கு அறைகள் உள்ளன. அவற்றில் தெளிந்த நீர் இடைவிடாது சுரந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி வந்து, இரத்தத்தில் கலந்துவிடுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரக்கிறது. ஆனால் எந்நேரத்திலும் உள்ளே இருப்பது 150 மில்லிலிட்டர் அளவே. அதாவது ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் அந்நீர் முழுவதும் புதிதாகிறது. வெளியேறும் வழி மந்தமானால் அறைகள் விரிகின்றன. இது மாதக்கணக்கில் மெல்ல நிகழ்வதால், முதுகில் ஊசியிட்டு அழுத்தத்தை அளந்தால் பெரும்பாலும் இயல்பான அளவே தெரியும். நோயின் பெயரில் 'நார்மல் பிரஷர்' என்ற சொற்கள் இடம்பெற்றது இதனால்தான்.

இதை முதலில் கண்டறிந்தவர் கொலம்பியா நாட்டின் நரம்பியல் அறுவை மருத்துவர் சலமோன் ஹக்கீம். 1957-ல், போகோட்டா நகரில், சாலை விபத்தில் தலையில் அடிபட்ட 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மூளை அறைகள் விரிந்திருந்தும் அழுத்தம் இயல்பாகவே இருந்தது. பரிசோதனைக்காகச் சிறிதளவு நீரை எடுத்ததும் அவனிடம் தெளிவு ஏற்பட்டதை ஹக்கீம் கவனித்தார். பாஸ்டன் நகர மருத்துவர் ரேமண்ட் ஆடம்ஸ் முதலியோருடன் சேர்ந்து 1965-ல் அவர் வெளியிட்ட கட்டுரைகளே இந்நோயை உலகறியச் செய்தன. நடைத் தடுமாற்றம், மறதி, சிறுநீரை அடக்க இயலாமை ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள் என்று இன்றும் மருத்துவ மாணவர்கள் படிக்கிறார்கள். இம்மூன்றில் பெரும்பாலும் முதலில் தோன்றுவது நடைத் தடுமாற்றம். சிகிச்சைக்குப் பின் அதிகமாகத் திருந்துவதும் அதுவே.

அந்த நடைக்கென்று ஓர் உருவம் உண்டு. கால்களை அகட்டி வைத்து, பாதங்கள் சற்று வெளிப்புறம் திரும்பி, சிறு சிறு அடிகளாக நடப்பார். பாதம் தரையை விட்டு எழாது. காந்தம் பிடித்து இழுப்பதுபோல் தேயும். புறப்படத் தயங்குவார். நேரே நடப்பதைவிடத் திரும்புவது கடினமாக இருக்கும். நாம் இரண்டு மூன்று அடிகளில் திரும்பிவிடுகிறோம். அவருக்கு எட்டு, பத்து அடிகள் தேவைப்படும். பார்க்கின்சன் நோயிலும் ஏறக்குறைய இப்படித்தான் என்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். ஆனால் என்.பி.எச். உள்ளவருக்கு நடக்கும்போது கைவீச்சு பெரும்பாலும் குறையாமல் இருக்கும். தரையில் கோடு போட்டு அதைத் தாண்டச் சொல்லும் உத்தி பார்க்கின்சன் நோயாளிகளுக்கு உதவுகிற அளவுக்கு இவர்களுக்கு உதவுவதில்லை.

குடும்பத்தினரை மிகவும் குழப்புவது வேறொன்று. கட்டிலில் படுத்திருக்கும்போது சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களை ஆட்டச் சொன்னால் அவர் நன்றாகவே ஆட்டுவார். எழுந்து நின்றதும் ஓரடி எடுத்து வைக்க முடியாது. "படுத்திருக்கும்போது முடிகிறது, நடக்கச் சொன்னால் மட்டும் அடம்பிடிக்கிறார்" என்று எங்களிடம் முறையிட்ட பிள்ளைகள் உண்டு. அது அடமும் அன்று, சோம்பலும் அன்று. தசையில் வலு இருக்கிறது. அடியெடுக்கும் ஆணையையும் உடல் நிலைப்பையும் ஒருங்கிணைக்கும் மூளைப் பாதைகள்தாம் சீர்குலைந்துள்ளன. இதை உணர்ந்த வீடுகளில் அதட்டல் குறைகிறது. அதட்டல் குறைந்தால் நடையும் சற்றே திருந்துவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பதற்றத்தில் கால் இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

ஷண்ட் செய்வதும் செய்யாததும்

ஷண்ட் என்பது மெல்லிய குழாய். ஒரு முனை மூளை அறையில் இருக்கும். மறு முனை காதின் பின்புறமாக, கழுத்து, மார்பு வழியே தோலுக்கடியில் இறங்கி வயிற்றுக்குள் முடியும். மிகுதியான நீர் அங்கே சென்று உடலில் கலந்துவிடும். நடுவே உள்ள வால்வு எவ்வளவு நீர் இறங்கலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. இப்போது பெரும்பாலும் பொருத்தப்படுவது, வெளியிலிருந்தே காந்தக் கருவி கொண்டு மாற்றியமைக்கக்கூடிய வால்வு. தோலைத் திறக்காமல் வெளிநோயாளர் பிரிவிலேயே சில நிமிடங்களில் அதன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

இச்சிகிச்சையால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது அறுவை முடிந்த மனத்தெம்பில்தான் சில நாள் நன்றாக நடக்கிறார்களா என்ற ஐயம் மருத்துவ உலகில் நெடுநாள் இருந்தது. 2025-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு அதற்கு விடை தேடியது. பங்கேற்ற 99 பேருக்கும் ஷண்ட் பொருத்தப்பட்டது. ஆனால் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வால்வின் அளவை மிக உயர்த்தி, நீர் வடியாத நிலையில் வைத்தார்கள். தம் வால்வு எந்நிலையில் உள்ளது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. மூன்று மாதங்களுக்குப் பின், நீர் வடிந்தவர்களின் நடைவேகம் சராசரியாக நொடிக்கு 0.23 மீட்டர் கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 0.03 மீட்டர் மட்டுமே. எண்ணைக் கேட்டால் சிறிதாகத் தோன்றும். நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்தில் நடந்த ஒருவர் 10 மீட்டர் தாழ்வாரத்தைக் கடக்க ஏறக்குறைய 17 நொடிகள் ஆகும்; வேகம் 0.23 கூடினால் 12 நொடிகளில் கடந்துவிடுவார். அவசரமாகச் சிறுநீர் வரும்போது அந்த ஐந்து நொடிகள் என்ன பொருள்படும் என்பது பராமரிப்பவர்களுக்குத் தெரியும். அதே ஆய்வில், நீர் வடிந்த குழுவினருக்கு எழுந்து நிற்கையில் தலைவலியும், மூளையைச் சுற்றி இரத்தக் கசிவும் கூடுதலாக இருந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அதைப் பற்றிப் பின்னர்.

முன்னேற்றம் எப்போது தெரியும் என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. சிலருக்கு ஓரிரு நாள்களில் கால் எழுகிறது. பலருக்கு வாரங்கள் ஆகின்றன. வால்வை இரண்டு மூன்று முறை திருத்திய பிறகே முழுப் பயன் கிடைப்பவரும் உண்டு. முதுகில் ஊசியிட்டு 30 முதல் 50 மில்லிலிட்டர் நீரை எடுத்து நடையைச் சோதித்தபோது நன்றாக நடந்தவர், அறுவைக்குப் பின்னும் பெரும்பாலும் பயனடைகிறார். மறதி அந்த அளவுக்குத் திருந்துவதில்லை. நெடுங்காலம் நடக்காமலே இருந்தவர்கள், அல்சைமர் போன்ற வேறு மூளைநோயும் உடன் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பலன் குறைவாக இருக்கலாம். சிலருக்குப் பயனே தெரியாமல் போவதும் உண்டு.

ஷண்ட் நீரை வடிக்கிறது, அவ்வளவே. ஈராண்டு நாற்காலியில் அமர்ந்திருந்ததால் மெலிந்த தொடைத் தசைக்கு அது வலுவூட்டாது. விழுந்து விழுந்து மனத்தில் பதிந்த அச்சத்தையும் போக்காது. அவை பயிற்சியால் மட்டுமே மீளும்.

நடை பழகும் வாரங்கள்

நம் வீடுகளில் எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. குழந்தைக்கு நடை பழக்குவதுபோல், பெரியவரின் எதிரே நின்று, இரு கைகளையும் பற்றி இழுத்தபடி பின்னோக்கி நடப்பார்கள். அன்பால் செய்வதுதான். ஆனால் முன்னால் இழுக்கப்படும் உடல் தன்னையறியாமல் பின்னால் சாய்கிறது, என்.பி.எச். நோயாளிகளுக்கு ஏற்கெனவே பின்புறம் சாயும் இயல்பு உண்டு. எனவே பக்கவாட்டில், சற்றே பின்தள்ளி நில்லுங்கள். ஒரு கை அவருடைய இடுப்பருகே இருக்கட்டும். இடுப்பில் அகலமான துணிப்பட்டை ஒன்றைக் கட்டி அதைப் பிடித்துக்கொள்வது இன்னும் நல்லது; எங்கள் இயன்முறை மருத்துவர்கள் அதைக் காட்டித் தருவார்கள். பராமரிப்பவரே எழுபதைக் கடந்த மனைவியாக இருக்கும் வீடுகள் பல. அம்மா, அவர் சரியத் தொடங்கினால் தூக்கி நிறுத்த முயலாதீர்கள். அருகிலுள்ள நாற்காலியிலோ தரையிலோ மெல்ல இறக்கிவிடுங்கள். இருவரும் சேர்ந்து விழுந்து, இரண்டு படுக்கைகள் தேவைப்பட்ட குடும்பத்தை எங்களுக்குத் தெரியும்.

நாற்காலியிலிருந்து எழுவதே முதல் பயிற்சி. கைப்பிடியுள்ள, உறுதியான, மிகத் தாழ்வில்லாத நாற்காலியாக இருக்கட்டும். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேரே வரும் அளவு முன்னே குனிந்து, பிறகு எழ வேண்டும். குனியாமல் எழ முயல்பவரே பொத்தென்று பின்னால் விழுகிறார். ஐந்து முறை எழுந்து அமர்ந்து சிறிது இளைப்பாறி, நாளில் மூன்று வேளை செய்தால் போதும். எழுந்ததும் உடனே நடக்கத் தொடங்காமல், நின்ற இடத்திலேயே எடையை வலக்காலுக்கும் இடக்காலுக்கும் மாற்றி மாற்றிப் பழகட்டும். எடை ஒரு காலுக்குப் போனால்தான் மறுகால் எழும்.

திரும்புவதில்தான் விழுதல் மிகுதி. நின்ற இடத்தில் சுழல விடாதீர்கள். கோயில் பிரகாரத்தில் மூலை திரும்புவதுபோல் அகலமாக வளைந்து வரட்டும். திரும்பும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம். பின்னாலிருந்து பெயர் சொல்லி அழைக்கவே வேண்டாம். தேநீர்க் குவளையைக் கையில் கொடுத்து நடக்கச் சொல்வதும் கூடாது. நடப்பதும் இன்னொரு செயலும் ஒருங்கே நிகழ இன்னும் நாளாகும்.

வாக்கர் தேவைப்பட்டால், முன்கால்களில் சக்கரம் உள்ளது பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும். ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வைக்கும் வாக்கர், ஏற்கெனவே தயங்கும் நடையை மேலும் துண்டுதுண்டாக்கும். எது பொருந்தும் என்பதை நடந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். உறவினர் வீட்டுப் பரணில் கிடந்ததை எடுத்து வந்து உயரம்கூடச் சரிபார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டுக்குள் மிதியடிகளை அகற்றுங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம். குதிகாலில் பட்டையுள்ள காலணியே நல்லது. வேட்டியும் நைட்டியும் கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். இரவில் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் இடையே விளக்கு எரியட்டும். கட்டிலருகே சிறுநீர்க் குடுவையோ கமோடு நாற்காலியோ வைத்துவிட்டால் இன்னும் பாதுகாப்பு. இந்நோயில் பல விழுதல்கள் இரவில், சிறுநீர் அவசரத்தில் நிகழ்பவை. அவற்றை நடைப்பயிற்சி மட்டும் தடுக்காது.

மிகவும் ஆபத்தான காலம் எதுவென்று கேட்டால், நடை நன்றாகத் திருந்தும் மூன்றாம், நான்காம் வாரத்தையே நாங்கள் சொல்வோம். கால் எழத் தொடங்கிவிட்டது, வேகம் வந்துவிட்டது, உடல் நிலைப்பு அந்த அளவுக்கு வரவில்லை. வீட்டாரும் நிம்மதியில் கண்காணிப்பைத் தளர்த்தியிருப்பார்கள். ஷண்ட் உள்ளவருக்குத் தலையில் படும் சிறு அடிகூட மூளையைச் சுற்றி இரத்தம் கசியக் காரணமாகலாம். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மேலும் அதிகம். அவற்றை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அறுவை மருத்துவரே கூற வேண்டும். மகிழ்ச்சியைக் கெடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதல் மூன்று மாதங்கள் அருகிலேயே ஒருவர் இருங்கள்.

நடையை அளந்து எழுதி வைத்தல்

தினமும் பார்ப்பவர்களின் கண்ணுக்கு மெல்ல வரும் மாற்றம் தெரியாது. வெளியூரிலிருந்து வரும் மகள்தான் "அப்பா ஏன் இப்படி நடக்கிறார்?" என்று கேட்பாள். ஆகையால் எண்களாக எழுதி வையுங்கள்.

நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தொலைவை அளவு நாடாவால் அளந்து, தரையில் ஒரு கோடு ஒட்டுங்கள். "எழுங்கள்" என்றதும் செல்பேசியில் நேரத்தை ஓடவிடுங்கள். அவர் எழுந்து, கோடு வரை வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து அமர வேண்டும். மொத்தம் எத்தனை நொடிகள், திரும்புவதற்கு மட்டும் எத்தனை அடிகள் என்ற இரண்டையும் குறியுங்கள். வாரம் ஒரு முறை, அதே நாற்காலி, அதே காலணி, ஏறக்குறைய அதே வேளை. சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டித் தாளிலேயே எழுதலாம். மாதம் ஒரு முறை பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு காணொளியும் எடுத்து வைத்தால் எங்களுக்குப் பேருதவி. அருகில் ஆள் இல்லாமல் இச்சோதனையைச் செய்யாதீர்கள்.

ஒரு வாரம் எண்ணிக்கை கூடினால் பதற வேண்டாம். காய்ச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல், சர்க்கரை ஏற்ற இறக்கம் எதுவும் நடையைக் கெடுக்கும். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தால் முதலில் தடுமாறுவது நடையாகவே இருக்கக்கூடும். ஆனால் இரண்டு, மூன்று வாரங்கள் தொடர்ந்து நொடிகள் கூடினாலோ, நான்கடியில் திரும்பியவர் ஏழடி எடுத்தாலோ, அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் எங்களிடம் வாருங்கள். குழாய் அடைபட்டிருக்கலாம், இடம் மாறியிருக்கலாம், வால்வின் அளவு போதாமல் இருக்கலாம். இவற்றில் ஏதுமின்றி மூட்டுத் தேய்மானமோ முதுகுத்தண்டு நெருக்கமோ காரணமாக இருக்கலாம். அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. "வயது" என்ற விடையை நாங்கள் எல்லாவற்றையும் பார்த்த பிறகே சொல்வோம்.

காத்திராமல் வர வேண்டியவை

எழுந்து உட்கார்ந்தால் அல்லது நின்றால் தலைவலித்து, படுத்தால் தணிகிறது என்றால் நீர் அளவுக்கு மீறி வடிகிறது என்று பொருள் கொள்ளலாம். உயரத்தில் உள்ள பீப்பாயிலிருந்து ரப்பர் குழாய் வைத்து நீரை இறக்கும்போது குழாயின் மறுமுனை தாழத் தாழ நீர் வேகமாக வடிவதைப் பார்த்திருப்பீர்கள். நிற்கும்போது ஷண்டிலும் அதுவே நடக்கிறது. வால்வைத் திருத்தினால் பெரும்பாலும் சரியாகும். இதை அன்றே தொலைபேசியில் தெரிவியுங்கள்.

தலைவலி நாளுக்கு நாள் கூடுதல், வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வலிப்பு இவற்றில் ஒன்று தோன்றினாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். விழுந்து இரண்டு மூன்று வாரங்கள் ஆகியிருந்தாலும் அதை மறக்காமல் கூறுங்கள்; கசிவு மெல்லச் சேர்ந்து பிறகே தொல்லை தரும். காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சிவப்போ கசிவோ, குழாய் செல்லும் வழியில் வீக்கம், விடாத வயிற்றுவலி ஆகியவை தொற்றின் அடையாளங்களாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் மாத்திரையை மருந்துக் கடையில் தாமாக வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்த வேண்டாம்.

தலையில் தோலுக்கடியில் தட்டுப்படும் வால்வை அழுத்திப் பார்க்காதீர்கள். சில வகை வால்வுகளின் அளவு வலுவான காந்தம் அருகில் வந்தால் மாறிவிடும். எனவே காந்தம் உள்ள ஒலிபெருக்கி, காதொலிப்பான், கைப்பேசி உறை முதலியவற்றை வால்வு உள்ள பக்கம் வைக்காமல் தள்ளியே வைப்பது நல்லது. வேறு எந்த நோய்க்காகவும் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால், ஷண்ட் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். எடுத்து முடிந்ததும் வால்வின் அளவைச் சரிபார்க்க எங்களிடம் வாருங்கள். வீடு திரும்பும்போது தரப்படும் அட்டையில் வால்வின் வகையும் வைக்கப்பட்ட அளவும் எழுதப்பட்டிருக்கும். அதன் படத்தை நோயாளியின் செல்பேசியிலும், அவரோடு இருப்பவரின் செல்பேசியிலும் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அந்த அட்டை, நடை நேரம் குறித்த தாள்கள், வழக்கமாக அணியும் காலணி, பயன்படுத்தும் கைத்தடி அல்லது வாக்கர் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். அவரை வாசலிலிருந்து சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே மருத்துவரின் அறைக்குள் வந்துவிடாமல், முடிந்த அளவு தூரத்தை அவர் நடந்தே வரட்டும். கதவைத் திறந்து அவர் உள்ளே வரும் நடையைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.